சுங்கானுக்கு ஒரு புதிய வாய்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், முல்லா வீதியும் காஜியார் வீதியும் அடங்கிய வட்டாரத்தில் எங்கள் பாட்டனார் வாழ்ந்த வீடு இருக்கிறது. மர்ஹூம் அவர்கள் சைகோன் நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கராகப் பல ஆண்டுகள் இருந்து, முதுமையில் ஊர் திரும்பியவர்கள். அவர்கள் விட்டுச் சென்றவற்றில் பொன்னும் பொருளும் அதிகம் இல்லை. ஓர் அகராதி, ஒரு முகக் கண்ணாடி, ஒரு சுங்கான் ஆகியவையே பேழையில் எஞ்சியிருந்தன.

சுங்கான் என்றால் இளைஞர்கள் விழிக்கிறார்கள்; பைப்பு என்றால் புரிந்துகொள்கிறார்கள். புதுச்சேரிப் பெரியவர்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் 'பீப்' என்பார்கள். அண்மையில் பாட்டனாரின் வீட்டைப் பங்கிடும் பேச்சு எழுந்தபோது, பிரான்சில் குடியிருக்கும் எங்கள் உறவுப் பையன் ஒருவன், "எனக்கு வீட்டில் பங்கு வேண்டாம், அந்தப் பீப் ஒன்றைக் கொடுங்கள்" என்று கேட்டான். கொடுப்பதில் எவருக்கும் தடையில்லை. ஆனால் கொடுக்கும் நிலையில் அது இல்லை. கிண்ணத்தின் விளிம்பு கருகியிருந்தது. உள்ளே கரி கல்லைப்போல் இறுகிக் கிடந்தது. வாய்க்குழலோ பச்சையும் பழுப்பும் கலந்த நிறமாகி, வாயில் வைக்கும் இடத்தில் பல் பதிந்து பதிந்து கீழ்ப்புறம் துளையே விழுந்திருந்தது. போதாக்குறைக்கு, காம்பினுள் செருகும் முளை முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டுவிட்டது.

"வாய்க்குழலை மாற்றிவிடலாம்" என்று நான் சொன்னதும் ராத்தா எதிர்த்தார்கள். எங்கள் வீட்டில் பாட்டனாரை அப்பா என்றும், தந்தையாரை வாப்பா என்றும் அழைப்பது வழக்கம். "அப்பாவுடைய உடம்பிலிருந்து மிச்சமாக இருப்பது அந்தப் பல் தடம் ஒன்றுதான். அதையும் எடுத்துப் போட்டுவிட்டு என்னத்தைச் சரிசெய்யப் போகிறாய், தம்பி?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடி ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன்.

இந்திய நாட்டில் சுங்கானைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட மிகப் பழைய செய்திகளுள் ஒன்று அக்பர் பாதுஷாவின் அவையைச் சேர்ந்தது. எழுதியவர் ஆஸத் பேக் என்னும் அரசவை அலுவலர். இளவரசர் தானியாலுக்கு மணம் பேசப்பட்ட பீஜப்பூர் சுல்தானின் மகளை அழைத்துவர அவர் தெற்கே அனுப்பப்பட்டார். 1604ஆம் ஆண்டையொட்டி ஆக்ராவுக்குத் திரும்பியபோது, பீஜப்பூரில் தாம் கண்டு வியந்த புகையிலையையும் கொண்டுவந்தார். அதுவரை வடநாட்டு அவையினர் கண்டறியாத பொருள் அது.

பாதுஷாவின் முன் வெறும் இலையையா வைப்பது? ஒரு சுங்கானையே அணி செய்து வைத்தார் ஆஸத் பேக். அதன் குழல் அச்சையிலிருந்து வந்தது; மூன்று முழ நீளம்; நன்கு உலர்த்தி நிறமேற்றப்பட்டது. இரு முனைகளிலும் மணிகள் இழைத்து மீனா வேலை செய்திருந்தார்கள். நெருப்பு வைக்கும் பகுதி பொன். பீஜப்பூர் சுல்தான் பரிசளித்த வெற்றிலைப் பையில் புகையிலையை நிரப்பினார். தற்செயலாகத் தமக்குக் கிடைத்த, முட்டை வடிவிலமைந்த யமன் நாட்டு அகீக் கல் ஒன்றை அக்குழலின் வாயாகத் தாமே பொருத்தினார். இதனை அவரே தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். குழல் அச்சையுடையது, கல் யமனுடையது, பை பீஜப்பூருடையது. நம் சோழமண்டலக் கரை மரக்காயர்கள் பாய்மரம் விரித்துச் சென்று வணிகம் செய்த துறைமுகமன்றோ அந்த அச்சை! ஒரே மூலத்தில் பிறந்த பொருளாகச் சுங்கான் இந்திய அவைக்கு வரவில்லை. பல நாட்டு உறுப்புகளை ஒருவர் கூட்டியமைக்க, வாய் கடைசியாகச் சேர்ந்தது.

பிறகு நடந்ததும் சுவையானது. பாதுஷா வியப்புடன் இது என்னவென்று வினவினார். கான்-இ-ஆஸம், இது மக்காவிலும் மதீனாவிலும் அறியப்பட்ட புகையிலை என்றும், மருந்தாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது என்றும் விளக்கினார். அக்பர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அரண்மனை ஹகீம் பதறிப்போய்த் தடுத்தார். முன்னோர் நூல்களில் காணப்படாத மருந்தை எப்படி ஏற்பது என்பது அவர் வாதம். உலகில் எந்த வழக்கமும் ஒரு காலத்தில் புதியதாகவே இருந்தது என்று ஆஸத் பேக் வாதாடினார். அக்பர் அதைப் பழக்கமாக்கிக் கொள்ளவில்லை. ஆனால் அமீர்கள் ஆளாளுக்குக் கேட்டு வாங்கினார்கள்; வணிகர்கள் விற்கத் தொடங்கினார்கள். 1617இல் ஜஹாங்கீர் தடையாணை பிறப்பித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

ஆஸத் பேக் புகையிலையைக் கண்டெடுத்த அதே பீஜப்பூர் அரசுக்கும் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1673இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் வைக்க இடம் கொடுத்தவர், பீஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகொண்டபுரத்தில் ஆண்டுவந்த ஷேர்கான் லோடி. மறு ஆண்டு பிரான்சுவா மார்த்தேன் வந்து ஊரை உருவாக்கலானார். புதுச்சேரி வரலாற்றைப் பிரெஞ்சுக் கப்பலிலிருந்தே தொடங்குவோர் ஷேர்கான் லோடியின் பெயரை விரைந்து கடந்துவிடுகிறார்கள். இது என் நெடுநாள் குறை. இங்கே சொல்லி வைக்கிறேன்.

புகைப்பது ஆகுமா ஆகாதா என்ற விவாதம் நம் உலமாக்களிடையே அந்த நூற்றாண்டிலேயே மூண்டது. எகிப்தில் மாலிகி மத்ஹபைச் சேர்ந்த இருவரே எதிரெதிர் நின்றார்கள்: இப்ராஹீம் அல்லகானி கூடாதென்றார்; அலீ அல்உஜ்ஹூரி தடையில்லை என்றார். உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகைத்தவர்களுக்கு மரண தண்டனையே விதித்தார். 1682இல் டமாஸ்கஸ் நகரத்து அப்துல் கனீ அந்நாபுலுஸி, ஆகும் என்பதற்குத் தனி நூல் எழுதினார். புகையின் தீங்கை மருத்துவம் ஐயமற நிறுவிவிட்ட இக்காலத்தில் ஹராம் என்றே தீர்ப்பளிக்கும் அறிஞர் பலர். எங்கள் வீட்டில் பாட்டனாருக்குப் பின் எவரும் புகைத்ததில்லை, பையனும் புகைப்பதில்லை. ஆகவே நான் செப்பனிட எண்ணியது எவரும் பிடிக்கப்போகாத சுங்கானை.

ஹுக்கா வழங்கிய சபைகளில் ஒரு நல்ல ஒழுக்கம் இருந்தது. ஹுக்கா பொது, வாய்க்குழல் தனி. பெரிய மனிதர்கள் தம் சொந்த வாய்முனையை, வெள்ளியிலோ கல்லிலோ செய்து, உடன் எடுத்துச் செல்வார்கள். தம் முறை வரும்போது அதைச் செருகிக்கொள்வார்கள். ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் வாய்தானே அவருடையது? கிண்ணம் ஊராருடையது என்றல்லவா ஆகிறது?" என்று என்னையே மடக்கினார்கள். ஏடு புரட்டியவன் தோற்றேன்.

ஐரோப்பியரின் சுங்கான் நெடுங்காலம் களிமண்ணால் ஆனது. 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை வைத்திருந்த டச்சுக்காரர்களின் நாட்டில், கௌடா என்னும் ஊரே வெண்களிமண் சுங்கானுக்குப் பெயர்பெற்றது. மண் சுங்கான் உடைந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். செப்பனிடுதல் என்ற பேச்சு மரச் சுங்கான் வந்த பிறகே பிறக்கிறது. அதற்கு நாம் பிரான்சின் ஜூரா மலைநாட்டிலுள்ள சேன் குளோத் என்னும் சிறு நகருக்குச் செல்ல வேண்டும். பாட்டனாரின் சுங்கானுடைய காம்பில் பொறித்திருப்பது அந்த ஊரின் பெயரே.

சேன் குளோத் முதலில் ஒரு யாத்திரைத் தலம். அங்கே அடங்கியிருந்த கிறித்தவ மகான் ஒருவரின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. வரும் பக்தர்களுக்கு ஜெபமாலையும் சிறு உருவங்களும் கடைந்து விற்றே ஊர் மக்கள் பிழைத்தார்கள். நாகூரில் சந்தனக்கூடு நாட்களில் கடை விரிப்பவர்களை நினைத்துக்கொண்டால் அந்த ஊர் நமக்கு அன்னியமாகத் தோன்றாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல், மகானின் உடல் எரிக்கப்பட்டது. கடைசல் கலை மட்டும் நிலைத்தது. மூக்குப்பொடி டப்பி செய்தார்கள். வேறு நாடுகளில் செய்த பீங்கான் கிண்ணங்களுக்குக் கொம்பிலும் மரத்திலும் குழல்கள் கடைந்து கொடுத்தார்கள். அதாவது, பின்னாளில் உலகின் சுங்கான் தலைநகர் என்று பெயரெடுத்த ஊர், கிண்ணம் செய்வதற்கு முன்பே வாய்க்குழல் செய்து வந்தது!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புருயேர் என்ற மரம் அவர்கள் கைக்கு வந்தது. மத்தியதரைக் கடலோரத்தில், கோர்சிகாவிலும் அல்ஜீரியாவிலும், வறண்ட நிலத்தில் வளரும் எரிக்கா என்னும் புதரின் அடிமுண்டு அது. தண்டுக்கும் வேருக்கும் இடையே உருண்டு திரண்டு வளர்வது. அதைத் தோண்டியெடுத்து, துண்டாக்கி, செம்புக் கொப்பரைகளில் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சாறு நீக்கி, மாதக் கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகே கடைவார்கள். நெருப்பு தொட்டாலும் எளிதில் பற்றாது, சூட்டில் வெடிக்காது. ஒரு நல்ல புருயேர்க் கிண்ணம் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். அதன் வாய்க்குழல் அவ்வளவு காலம் தாங்காது.

வாய்க்குழலுக்குக் கொம்பு, எலும்பு, அம்பர் ஆகியவை பயன்பட்டன. கொம்பை மெல்ல மெல்ல நார் பிரியும். அம்பர் கீழே விழுந்தால் சிதறும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்களவுக்குக் கூட்டி நீண்ட நேரம் சூடேற்றினால் அது கல்போல் கெட்டியாகிறது. அவருடைய சகோதரர் நெல்சன் 1851இல் இதற்கு உரிமம் பெற்றார். கருங்காலி மரத்தைப்போல் கறுத்து மின்னுவதால் எபோனைட் என்று பெயரிட்டார்கள். பல்லுக்கு இதமானது, கடைவதற்கு எளியது. வெயிலும் காற்றும் பட்டால் மேற்பரப்பிலிருந்து கந்தகம் வெளிப்பட்டுப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். பாட்டனாரின் வாய்க்குழலுக்கு நேர்ந்தது அதுவே.

இந்த ரப்பரின் கதையில் தமிழனின் வியர்வை உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அங்கே பெருந்தொகையாகச் சென்று பால் வெட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். விடியுமுன் எழுந்து, பட்டையைச் சீவி, கோப்பையில் சொட்டுச் சொட்டாய் வடிந்த பாலைச் சுமந்தார்கள். 1920களில் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் மிகப் பெரும்பகுதி ஆசியத் தோட்டங்களுடையது. பாட்டனார் இருந்த இந்தோசீனாவிலும் பிரெஞ்சுக்காரர்கள் பெருந்தோட்டங்கள் போட்டு, வியத்நாமியக் கூலிகளைக் கசக்கிப் பிழிந்தார்கள்.

சைகோனைப் பற்றி இரண்டொரு சொல். 1859இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்நகரைப் பிடித்த பின்னர், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் கப்பலேறினார்கள். அலுவலகங்களிலும் காவலிலும் சேர்ந்தவர்கள் உண்டு. நம் முஸ்லிம்கள் பெரும்பாலும் கடை வைத்தவர்களும் கடையில் வேலை பார்த்தவர்களுமே. தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. 1945 மார்ச்சில் ஜப்பானியர் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்ததையும், அடுத்து வந்த போரையும் பாட்டனார் அங்கிருந்தே கண்டார்கள். 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தபோது அவர்கள் ஊரில் இல்லை. பிறகு வந்து இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டியும், சட்டைப் பையில் இந்தச் சுங்கானும் இருந்தன என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி, யாரிடம் கொடுப்பது? சேன் குளோத்துக்கே அனுப்பலாம் என்றான் பையன். எனக்கு வேறொரு நினைவு வந்தது. எபோனைட் என்பது பழைய மைப்பேனாவின் உடலுமாகும். ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் என்பவர் 1930களின் தொடக்கத்தில் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கி, ஜே. சி. குமரப்பா வழியாக ஒன்றைக் காந்தியடிகளுக்கு அனுப்ப, 1935இல் காந்தியடிகள் அதைப் பாராட்டி எழுதியது பலரும் அறிந்த வரலாறு. நம் தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும் எபோனைட் கோலைக் கடைந்து கையாலேயே பேனா செய்யும் தொழில் உண்டு. பேனாவைக் கடைகிறவருக்கு வாய்க்குழல் கடைய வராதா?

அந்த வட்டாரத்துக் கடைசல்காரர் ஒருவர் சுங்கானைக் கையில் வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு வாய்க்குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதே வேண்டியதில்லை, பழையதையே செப்பனிடலாம் என்றார். முறிந்த முளைக்குப் பதில் வேறு முளை வைக்கலாம். துளையை எபோனைட் தூளும் பசையும் இட்டு அடைக்கலாம். "பல் பதிந்த பள்ளங்கள்?" என்றேன். "அது ஒரு கஷ்டமுமில்லை பாய். சூடு காட்டினால் தானே மேலே வந்துவிடும். இந்த ரப்பருக்கு ஞாபகம் அதிகம். முதலில் எப்படி வார்த்தார்களோ அந்த உருவத்துக்கே திரும்பிவிடும்" என்றார்.

எனக்கு உடல் சிலிர்த்தது. பழையதைக் காப்பாற்றுவதாக எண்ணிச் செப்பனிட்டால், பாட்டனார் தம் வாழ்நாளில் பதித்த தடம் அரை நிமிடச் சூட்டில் மறைந்துபோகும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் உருவமே மிஞ்சும். தடம் நிலைக்க வேண்டுமானால் பழைய வாய்க்குழலைத் தொடவே கூடாது. தொடாதிருக்க வேண்டுமானால் புதியது வேண்டும். அங்கிருந்தே ராத்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன். சற்று நேரம் பேச்சில்லை. "அப்படியானால் புதிதே செய்யச் சொல்" என்றார்கள்.

வேலை நான்கு நாள் நடந்தது. சுங்கானை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் உறைய வைத்து, உள்ளே சிக்கிய முளையின் நடுவே சிறு துளையிட்டு, ஒரு திருகாணியை முறுக்கி மெல்ல இழுத்தார், வந்துவிட்டது. கிண்ணத்தின் கரியை முழுவதும் சுரண்டவில்லை. ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுவைத்தார். மரத்தைச் சூட்டிலிருந்து காப்பது அதுவே. பஞ்சை அடைத்து, ஸ்பிரிட் ஊற்றி, ஓர் இரவு வைத்தார். காலையில் பஞ்சு தேயிலைச் சக்கை நிறமாயிருந்தது. ஸ்பிரிட் என்றதும் ராத்தா முகம் சுளித்தார்கள். ஊசி போடுமுன் மருத்துவர் தடவுவதும் அதுதானே என்று சமாதானம் சொன்னேன். விளிம்பின் கருக்கை ஈரத் துணியால் துடைத்து, மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். ஊர்ப்பெயர் பொறித்த இடத்தில் மட்டும் தாள் படவில்லை. விரலால் மூடிக்கொண்டே தேய்த்தார்.

வாய்க்குழலுக்குக் கறுப்பு எபோனைட் கோலை எடுத்து, முதலில் நீளத் துளையிட்டார். முளையைக் கடைந்து, காம்பில் செருகிப் பார்த்து, மீண்டும் கடைந்து, இழுத்தால் வரவும் தானாய்க் கழலாதிருக்கவும் பொருத்தினார். தோளும் காம்பும் சேருமிடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது என்பது அவர் கணக்கு. வளைப்பதில்தான் தடுமாறினார். பேனா நேரானது, சுங்கானின் வாயோ சற்றே வளைந்தது. முதல் கோலைச் சூடாக்கி வளைத்தபோது உள்துளை நசுங்கி அடைத்துக்கொண்டது. அடுத்ததற்குத் துளைக்குள் கம்பியில் சுற்றிய பஞ்சுத் திரியைச் செருகி வைத்து வளைத்தார், நின்றது. கடைசியாகச் சக்கரத்தில் மெழுகு பூசி மெருகேற்றினார்.

எவரும் புகைக்கப் போவதில்லையே, துளை அடைபட்டால்தான் என்ன என்று நான் இடையில் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "காற்று போகாவிட்டால் இது வெறும் குச்சி பாய்" என்று சொல்லிவிட்டு, நசுங்கிய கோலை ஓரமாக எறிந்தார்.

சுங்கான் பையனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வாய்க்குழலை ராத்தா ஒரு துணியில் சுற்றித் தம் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கந்தக வாடை வெற்றிலையில் ஏறுகிறதென்று அவ்வப்போது குறைபட்டுக்கொள்கிறார்கள். இடத்தை மட்டும் மாற்றவில்லை.